சார்ஜர் யார் கையில்?

மனநெருக்கடிக்கான பாதுகாப்புத் திட்டம் என்றதும் பெரிய கோப்பு ஏதோ என்று நினைக்க வேண்டாம். ஒரே ஒரு தாள், ஆறு பகுதிகள். மனம் சரியத் தொடங்கும்போது முதலில் தெரியும் அறிகுறிகள் என்ன; யாரையும் கூப்பிடாமல் நானே என்னை நிதானப்படுத்திக்கொள்ள என்ன செய்வேன்; எந்த இடம், யாருடைய பேச்சு என் கவனத்தைத் திருப்பும்; யாரிடம் வாய்விட்டு உதவி கேட்பேன்; எந்த மருத்துவர், எந்த உதவி எண்; என் கைக்கெட்டும் தூரத்தில் எதெல்லாம் இருக்கக் கூடாது. இவ்வளவுதான். தற்கொலை எண்ணத்தோடு அவசரப் பிரிவுக்கு வருபவர்களுக்காக அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் உருவாக்கிய வடிவம் இது. வீட்டு வன்முறை, விபத்து, பேரிடர் என்று வேறு அதிர்ச்சிகளுக்குப் பிறகும் இதைப் போன்ற தாளைப் பல இடங்களில் நிரப்பச் சொல்கிறார்கள்.

தாள் சின்னதே தவிர அதன் பலனைச் சின்னதென்று தள்ளிவிட முடியாது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. இந்தத் தாளை நிரப்பி, பிறகு போனில் தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களிடம், அடுத்த 6 மாதங்களில் தற்கொலை முயற்சி போன்ற நடத்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 45 விழுக்காடு குறைவாக இருந்தன. இந்த அளவு பலனை ஒரு பேனாவும் ஒரு போனும் தருகின்றன என்றால் அதை மதிக்கத்தான் வேண்டும். நான் மதிக்கிறேன். என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

என் சிக்கல் வேறு. என்னிடம் முதன்முதலாக இந்தத் தாளை நீட்டியபோது இரண்டாம் பகுதியில் உதாரணமாக அச்சிட்டிருந்த வரி: 'வெளியே இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள்.' எனக்கு முதுகுத்தண்டு மார்பு மட்டத்தில் அடிபட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு விரல்கூட அசையாது. நடந்துவிட்டு வரலாம்தான், நாலு பேர் தூக்கிக்கொண்டு நடந்தால்.

சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஒரு முழு உடல் ஒளிந்திருக்கிறது. அதற்குக் கால் இருக்கிறது, காது கேட்கிறது, கண் தெரிகிறது, நினைத்ததும் வார்த்தை வருகிறது. கதவைத் திறந்துகொண்டு வெளியேறுகிறது. போனை எடுத்து எண்ணை அழுத்துகிறது. அதன் மாத்திரைப் பெட்டி அதன் கையிலேயே இருக்கிறது. நெருக்கடி உதவி என்று உலகில் இருப்பதில் பெரும்பகுதி இந்த உடலை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. எங்களில் யாருக்கும் அந்த உடல் கிடையாது.

'எங்கள்' என்றால் எத்தனை பேர்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் மாற்றுத்திறனாளிகள் 130 கோடி, அதாவது ஆறு பேரில் ஒருவர். இவர்கள் மீது நடக்கும் வன்முறையைப் பற்றி அந்த நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட இரண்டு தொகுப்பாய்வுகள் 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. குறைபாடு உள்ள குழந்தைகள் மற்ற குழந்தைகளைவிட 3.7 மடங்கும், பெரியவர்கள் 1.5 மடங்கும் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம் என்று அவை சொன்னன. யாருக்கு இந்தத் தாள் அதிகம் தேவையோ, அவர்களை நினைத்து அது எழுதப்படவில்லை.

விபத்துக்குச் சில வருடங்களுக்குப் பிறகு, என்னைப் போன்றவர்களிடம் போனில் பேசும் வேலைக்கு வந்தேன். சக ஆலோசகர் என்று பெயர். டாக்டர் பட்டம் எதுவும் கிடையாது. அதே குழியில் கிடந்து ஏறி வந்தவள் என்பதுதான் தகுதி. அங்கே கற்றுக்கொண்டவற்றில் மிக முக்கியமானதை ஒரு பெண்ணை வைத்துச் சொல்கிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவள் பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியில் இருப்பவள். கை வலுவில்லாததால் தள்ளும் நாற்காலி அவளுக்கு உதவாது. முதல் போனில், "அடியெல்லாம் இல்லக்கா. சத்தியமா ஒரு நாளும் கை ஓங்கினது இல்ல," என்றாள். பிறகு எதற்குக் கூப்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் வேறு பேசினோம். பேச்சு வாக்கில் அவளாகவே சொன்னாள். சண்டை வந்தால் கணவன் எதுவும் பேச மாட்டானாம். ராத்திரி நாற்காலிக்கு சார்ஜ் போடாமல் விட்டுவிடுவானாம். காலையில் அவள் படுக்கையிலிருந்து இறங்கி உட்கார்ந்தாலும் நாற்காலி நகராது. சார்ஜர் அலமாரியின் மேல் தட்டில் இருக்கும். கழிவறைக்குப் போக அவனைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால், மன்னிப்புக் கேட்டால்தான் வருவான்.

இதற்கு எந்தக் காவல் நிலையத்தில் எந்தப் பிரிவில் புகார் எழுதுவது? உடம்பில் காயம் கிடையாது. 'சார்ஜ் போட மறந்துட்டேன்' என்றால் முடிந்தது. இதைப் போன்றவற்றை இப்போது என்னால் நிறுத்தாமல் சொல்ல முடியும். பார்வையற்றவரின் வீட்டில் நாற்காலி மேசையை இடம் மாற்றிப் போட்டுவிட்டு அவர் முட்டிக்கொள்வதைப் பார்ப்பது. காதுக் கருவியைப் பிடுங்கி வைத்துக்கொள்வது. வலி மாத்திரையைத் தாமதமாகக் கொடுப்பது, அல்லது அதிகமாகக் கொடுத்துத் தூங்க வைப்பது. டயப்பரை மாற்றாமல் வேண்டுமென்றே மணிக்கணக்கில் விடுவது. உதவித்தொகை வரும் வங்கி அட்டையைத் தானே வைத்துக்கொள்வது. காது கேளாதவருக்கு, வந்தவர் சொன்னதில் பாதியை மட்டும் சைகையில் சொல்வது. வன்முறை என்றால் ஓங்கிய கை என்று மட்டுமே தெரிந்தவர்களுக்கு இதில் எதுவும் கண்ணில் படாது. வெளியிலிருந்து பார்த்தால் அவன் பொறுமையான கணவன், அவர் தியாகத் தாய், அவர் சொந்த மகனைவிட நன்றாகக் கவனிக்கும் பணியாள். வேலி பயிரை மேய்வதை எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். வேலிக்குத்தான் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அதனால்தான் என் தாளில் இப்போது ஆறு பகுதிகளுக்கும் முன்னால் இன்னொரு பகுதி இருக்கிறது. ஒரு சாதாரண நாளைக் காலையிலிருந்து இரவுவரை சொல்லச் சொல்வேன். யார் எழுப்பிவிடுகிறார்? யார் குளிப்பாட்டுகிறார்? நாற்காலிக்கு யார் சார்ஜ் போடுகிறார்? மாத்திரையை யார் எடுத்துத் தருகிறார்? போனின் பூட்டு யாருக்குத் தெரியும்? வெளியே போக யார் வண்டி ஏற்பாடு செய்கிறார்? ஒவ்வொன்றுக்கும் எதிரில் பெயர் எழுதுவோம். பத்து வரியிலும் ஒரே பெயர் வந்தால் அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் இருவருமே பேச மாட்டோம். அந்தப் பெயருக்கு உரியவர் நல்லவராகவே இருக்கலாம். நல்லவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாலும் அன்றைக்கே அந்தப் பத்து வரியும் நெருக்கடிதான்.

அவளோடு போட்ட திட்டத்தில் 'உடனே வீட்டைவிட்டுக் கிளம்பு' என்ற வரி இல்லை. எங்கே கிளம்புவது? அடைக்கலம் தரும் இல்லங்கள் பலவற்றில் வாசலில் படி இருக்கும். உள்ளே போனாலும் தூக்கி உட்கார வைக்க ஆள் இருக்காது. 'உங்கள் உதவியாளரை உடன் அழைத்து வாருங்கள்' என்பார்கள். அந்த உதவியாளரிடமிருந்துதான் அவள் தப்ப நினைக்கிறாள். ஆகவே திட்டம் சார்ஜரிலிருந்து தொடங்கியது. அதே மாதிரி இரண்டாவது சார்ஜர் ஒன்றை வாங்கிப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தாள். பத்து வரியில் இரண்டு வரியாவது அவன் பெயர் இல்லாமல் ஆக வேண்டும் என்று வாரத்தில் மூன்று காலை ஒரு கூலி உதவியாளரை ஏற்பாடு செய்தாள். 'உங்களுக்கு முதுகு வலிக்கிறதே' என்ற காரணத்தைச் சொல்லி அவனையே சம்மதிக்க வைத்தாள். வங்கியில் கைபேசி எண்ணை மாற்றினாள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அவளும் ஒரு வாக்கியம் பேசி வைத்துக்கொண்டார்கள். பூச்சாடியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று செய்தி வந்தால் உடனே கதவைத் தட்ட வேண்டும். போனில் எழுதி வைக்கவில்லை, அவன் பார்ப்பான். தாளிலும் எழுதவில்லை. பாதுகாப்புத் திட்டம் வீட்டில் யார் கண்ணில் படும் என்பதும் திட்டத்தின் ஒரு பகுதிதான்.

இத்தனையும் பேச அவள் தனியாக இருக்க வேண்டுமே, அது எப்படி? இதுதான் எல்லாவற்றிலும் கடினம். மருத்துவரோ சமூகப் பணியாளரோ வந்தால் பராமரிப்பவர் கூடவே நிற்பார். 'இவ பேசுறது உங்களுக்குப் புரியாது, நான் சொல்றேன்' என்பார். அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கற்றுக்கொண்ட உபாயம் இது: அழுத்தப் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், உடையைக் கழற்ற வேண்டும், கொஞ்சம் வெளியே இருங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் அதுவே ஒரு தகவல்.

சரி, நெருக்கடி வந்துவிட்டது என்று வையுங்கள். வந்திருப்பது என்ன என்று முதலில் தெரிய வேண்டும். இங்கேதான் எங்கள் குறைபாடு எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரைஸும் உடன் பணியாற்றியவர்களும் 1982-இலேயே இதை எழுதிவிட்டார்கள். ஒருவருக்கு அறிவுசார் குறைபாடு உண்டு என்று தெரிந்துவிட்டால், அவருக்கு வேறு மனநலச் சிக்கல் இருப்பதை நிபுணர்களே கவனிக்கத் தவறுகிறார்கள். எதைச் செய்தாலும் 'இவங்க இப்படித்தான்' என்றாகிவிடும். நேற்றுவரை பள்ளி வேனில் ஏறியவன் இன்று ஏற மறுத்துத் தரையில் புரளுகிறான். ஒருத்தி குளிக்க மறுக்கிறாள். இன்னொருத்தி ஒரே ஒரு குறிப்பிட்ட ஆள் அறைக்குள் வந்தால் மட்டும் தன் கையைக் கடித்துக்கொள்கிறாள். அதற்கு மருந்தின் அளவைக் கூட்டுவார்கள். வேனில் என்ன நடந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

உடலே மாற்றிப் பேசுவதும் உண்டு. ஒருமுறை நான் போன வண்டி இடித்து நின்றது. பெரிய அடி இல்லை. இருந்தாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அரை மணியில் எனக்குத் தலை பிளந்தது. முகம் சிவந்து, கழுத்துக்கு மேல் வியர்வை கொட்டியது. பழைய விபத்தின் நினைவு வந்து பயந்துவிட்டேன் என்று முடிவுகட்டினார்கள். "ஒண்ணுமில்லம்மா, மூச்சை நல்லா இழுத்து விடுங்க," என்று சொல்லி, தலையணையை எடுத்துவிட்டு என்னை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். செய்யக் கூடாதது அதுதான். முதுகுத்தண்டு நெஞ்சின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு ஆட்டோனமிக் டிஸ்ரெஃப்ளெக்சியா என்று ஒன்று வரும். காயத்துக்குக் கீழே ஏதோ ஒரு தொந்தரவு, பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பை, மூளைக்குத் தெரியாமலேயே ரத்த அழுத்தத்தை எக்கச்சக்கமாக ஏற்றிவிடும். கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக் கசிவுகூட ஆகலாம். ஆளை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், இறுக்கமான உடையைத் தளர்த்த வேண்டும், சிறுநீர்க் குழாயைப் பார்க்க வேண்டும். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பயந்தவள் பேச்சாக அது அவர்கள் காதில் விழுந்தது. கடைசியில் படுக்கை விரிப்பை மாற்ற வந்த ஆயாதான் என் தொடைக்கடியில் குழாய் மடங்கிக் கிடப்பதைப் பார்த்து, "இது இப்படி இருந்தா எப்படிம்மா வரும்?" என்று நீட்டிவிட்டார்.

அதிலிருந்து என் பணப்பையில் ஓர் அட்டை இருக்கிறது. என் வழக்கமான ரத்த அழுத்தம் 95-க்கு 60, 150 என்பது உங்களுக்குச் சாதாரணமாகத் தெரியலாம், எனக்கு அது அபாயம், முதலில் உட்கார வையுங்கள், குழாயைப் பாருங்கள். கொட்டை எழுத்தில். மனநெருக்கடித் திட்டத்தில் இதெல்லாம் எதற்கு என்று ஓர் ஆலோசகர் கேட்டார். பீதியா உடல் அபாயமா என்று வெளியாளால் பிரித்தறிய முடியாத உடலோடு இருப்பவளுக்கு இரண்டும் ஒரே தாளில்தான் இருக்க முடியும்.

முதல் சில மணி நேரத்தில் என்ன செய்வது என்பதில் உலகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. முன்பெல்லாம் அதிர்ச்சிக்கு உள்ளானவரை உடனே உட்கார வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்ல வைப்பதுதான் சிகிச்சை என்று நம்பினார்கள். அப்படிச் செய்வது அதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்கோளாறைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கேடாகவும் முடியலாம் என்று ஆய்வுகள் காட்டின. 2011-இல் உலக சுகாதார நிறுவனமும் சில அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்றே வேலைகளைச் சொல்கிறது. பார், கேள், இணைத்துவிடு. சுற்றிலும் ஆபத்து இருக்கிறதா என்று பார்ப்பது, சொல்ல விரும்புவதை மட்டும் கேட்பது, தேவையான உதவியோடு இணைப்பது. நல்ல சட்டகம். எங்களிடம் வரும்போது மூன்றையும் கொஞ்சம் திருப்பிப் பிடிக்க வேண்டும், அவ்வளவே.

காது கேளாத ஒருவரைப் போலீஸ் கையைப் பின்னால் கட்டினால் அவர் வாயைக் கட்டியதாகத்தான் அர்த்தம். பின்னாலிருந்து தோளைத் தொட்டால் தாக்க வருவதாக நினைத்துத் திமிறுவார். முன்னால் வந்து கண்ணில் படும்படி நிற்க வேண்டும். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார் என்பார்கள். அழுது கண் மங்கியிருப்பவர் எதைப் பார்ப்பார்? பிறகு மொழிபெயர்க்க யாரைக் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? காது கேட்கும் பிள்ளையை. தன் அம்மாவுக்கு என்ன கொடுமை நடந்தது என்பதை ஒரு சிறுமி ஒவ்வொரு கையசைவாகப் பார்த்துக் காவலரிடம் சொல்ல வேண்டும். ஒரு அதிர்ச்சியை விசாரிக்கப் போய் இரண்டாவதை உண்டாக்கும் வேலை இது. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றால், அதுவரை காகிதமும் படமும் போதும். பிள்ளையை மட்டும் தொடாதீர்கள். நல்ல மாற்றங்களும் வருகின்றன, மெதுவாக. அமெரிக்காவின் 988 நெருக்கடி உதவி எண் 2022 ஜூலையில் தொடங்கியது. சைகை மொழியில் காணொலி வழியாகப் பேசும் வசதி 2023 செப்டம்பரில் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் அவர்கள் நெருக்கடியைத் தள்ளி வைத்திருப்பார்கள் போலும்.

ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு நெருக்கடியில் பேச்சு நின்றுவிடும். நேற்று சரளமாகப் பேசியவர் இன்று வாய் திறக்கவில்லை என்றால் பிடிவாதம் இல்லை, வரவில்லை. விளக்கைக் குறையுங்கள், சைரனை நிறுத்துங்கள், ஒருவர் மட்டும் பேசுங்கள். ஒரு கேள்வி கேட்டுவிட்டு உண்மையாகவே காத்திருங்கள். அதே கேள்வியை வேறு வார்த்தையில் திருப்பிக் கேட்டால் அவருக்கு அது புதுக் கேள்வி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிடித்து அழுத்துவதைக் கடைசி வழியாகவும் நினைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். குப்புற அழுத்திப் பிடித்து மூச்சு நின்று இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு.

ஆலோசகர்கள் எல்லோருக்கும் பிடித்த ஒரு பயிற்சி இருக்கிறது. கண்ணில் படும் 5 பொருள், தொட்டுணரும் 4, காதில் விழும் 3, முகரும் 2, சுவைக்கும் 1 என்று வரிசையாகச் சொல்லி மனதை நிகழ்காலத்துக்கு இழுத்து வருவது. பார்வையற்ற நண்பர் ஒருவரிடம் இதை அப்படியே ஒப்பித்திருக்கிறார்கள். முதல் கேள்விக்கே அவர் போனை வைத்துவிட்டார். மூச்சுப் பயிற்சியும் அப்படித்தான். என்னைப் போல் விலாத் தசை வேலை செய்யாதவர்களிடம், செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களிடம் 'உங்கள் மூச்சைக் கவனியுங்கள்' என்றால் பயம் கூடத்தான் செய்யும். எனக்கு உதவுவது உதட்டில் ஐஸ்கட்டி. உடலில் எந்த இடம் உணர்கிறது, எது இன்னும் இன்பமாக இருக்கிறது என்று அவரவரிடம் கேட்டால் பதில் கிடைக்கும். கேட்பதற்கு முன் ஒன்று: நாற்காலியைத் தொட்டு நகர்த்துவது என் உடலைத் தொட்டு நகர்த்துவதுதான். அதிர்ச்சியில் இருப்பவளை அனுமதியின்றித் தொட மாட்டீர்கள் அல்லவா?

பேச்சு வராதவர்கள் விரல் வைத்துக் காட்டும் படப் பலகைகளைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது. அதில் பழங்கள் இருக்கும், நிறங்கள் இருக்கும், 'நன்றி' கட்டாயம் இருக்கும். பெரும்பாலான பலகைகளில் மறைவிடங்களின் பெயர் இருக்காது. 'வலிக்கச் செய்தான்' இருக்காது. 'நிறுத்து' கூட இருக்காது. வார்த்தைகளைத் தேர்ந்தெடுப்பவர் வேறு யாரோ. அவர் அந்தக் குழந்தை என்ன சொல்ல வேண்டும் என்று நினைக்கிறாரோ, அதை மட்டும் வைக்கிறார். அந்தப் பலகையில் ஒரு குழந்தை புகார் சொல்ல வேண்டுமானால் எப்படிச் சொல்லும்? இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சின்ன வயதிலிருந்தே சிகிச்சை, பயிற்சி, பரிசோதனை என்று ஊரில் உள்ள எல்லோரும் அதன் உடலைத் தொட்டிருப்பார்கள். அசையாமல் இருந்தால் 'சமத்து' என்று பாராட்டியிருப்பார்கள். மறுத்தால் அடம். மறுக்கத் தெரியாமல் வளர்த்துவிட்டு, அன்றைக்கு ஏன் கத்தவில்லை என்று நீதிமன்றத்தில் கேட்கிறோம். பாதுகாப்புத் திட்டத்தை அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு போடும்போது நான் படங்களில் போடுகிறேன். முதல் படம் எப்போதும் நீட்டிய உள்ளங்கை. அதை என்னிடமே காட்டிப் பழகச் சொல்வேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போது கையை நீட்டினால் நான் நிறுத்த வேண்டும். நிஜமாகவே நிறுத்துகிறேனா என்று சிலர் பத்துப் பதினைந்து தடவை சோதித்துப் பார்த்துச் சிரிப்பார்கள்.

தற்கொலை எண்ணம் என்ற பகுதிக்கு வந்தால் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது. நடமாடும் மனிதர் ஒருவர் சாக வேண்டும் என்றால், ஓடி வந்து தடுப்பார்கள். நாங்கள் சொன்னால் சற்றே தலையை ஆட்டுகிறார்கள். 'பாவம், இந்த நிலைமையில் யாருக்குத்தான் தோணாது?' மருத்துவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். இரக்கம் மாதிரி இருக்கும் இந்த வாக்கியம் எங்களைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்ற தீர்ப்பு. என்னிடம் சாக வேண்டும் என்று சொல்பவர்களிடம் நோண்டிக் கேட்டால் பெரும்பாலும் கால் வராததைச் சொல்வதில்லை. மூன்று மாதமாக மாடியிலிருந்து கீழே இறங்கவில்லை. குளிப்பாட்டும் அண்ணி முகத்தைச் சுளிக்கிறாள். வலிக்குச் சரியான மருந்து இல்லை. வன்புணர்வு நடந்தது, யாரும் நம்பவில்லை. இவை ஒவ்வொன்றும் மாற்றக்கூடியவை. மாடி வீட்டைக் கீழ்வீடாக மாற்றியபோது சாவைப் பற்றிய பேச்சு நின்றுபோன ஆட்களை எனக்குத் தெரியும்.

ஆபத்தான பொருட்களை அகற்றும் ஆறாம் பகுதியும் எங்களுக்கு நேர்க்கோட்டில் போகாது. வீடே ஒரு மருந்துக் கடை. தசை இறுக்கத்துக்கு எடுக்கும் பேக்லோஃபென், வலிப்பு மாத்திரைகள் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் அதுவே உயிருக்கு ஆபத்து. 'எல்லாவற்றையும் வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்' என்றால், அந்த யாராவது சார்ஜரை மேல்தட்டில் வைப்பவனாக இருக்கலாம். ஆகவே மருந்துக் கடையிலிருந்தே வாரம் ஒருமுறை கொஞ்சமாக வாங்குவது, பூட்டிய பெட்டியின் எண்ணை நம்பும் தோழியிடம் மட்டும் சொல்வது என்று ஆளுக்கொரு வழி. எத்தனை நாளைக்கு, எப்போது மீண்டும் என் கைக்கு வரும் என்பதையும் எழுதிவிட வேண்டும். ஒருமுறை பறிபோன உரிமை திரும்பி வருவது எங்கள் வாழ்க்கையில் அரிது.

அதே காரணத்தால்தான் பலர் உதவியே கேட்பதில்லை. நெருக்கடி எண்ணை அழைத்தால் ஆள் அனுப்புவார்கள், இவர் தனியாக இருக்க லாயக்கில்லை என்று விடுதியில் போடுவார்கள், குழந்தையை எடுத்துக்கொள்வார்கள். வீண் பயம் என்று சொல்லிவிட முடியாது, நடக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஐ.நா. 2006-இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையில் 12ஆம் பிரிவு எங்கள் முடிவை நாங்களே எடுக்கும் சட்ட உரிமையைச் சொல்கிறது. 16ஆம் பிரிவு சுரண்டலிலிருந்தும் வன்முறையிலிருந்தும் பாதுகாப்பைச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்துதான் ஒரு திட்டத்தில் இருக்க வேண்டும். நடைமுறையில் இரண்டாவதைக் காட்டி முதலாவதைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே எதிர்மருந்து, தெளிவாக இருக்கும்போதே எழுதி வைப்பது: நான் பேச முடியாத நிலைக்குப் போனால் எனக்குப் பதில் யார் பேசலாம், யார் பேசவே கூடாது, எந்த மருந்து வேண்டாம், எந்த இடத்துக்கு அனுப்ப வேண்டாம். 'யார் பேசவே கூடாது' என்ற வரியை எழுதும்போது நிறையப் பேர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கிறார்கள்.

பேரிடர் தனிக் கதை, சுருக்கமாகத் தொட்டுவிடுகிறேன். 2011 ஜப்பான் சுனாமியில் பாதிக்கப்பட்ட பகுதிகளில் மாற்றுத்திறனாளிகளின் இறப்பு விகிதம் பொதுமக்களின் விகிதத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு. சைரன் கேட்காது, படியிறங்க முடியாது, முகாமுக்குப் போனாலும் படுக்க முடியாது. பையில் ஒரு வார மருந்து, மருந்துச் சீட்டின் நகல், குழாய், நாற்காலி டயருக்கு ஒட்டு, பேச்சுப் பலகையின் காகிதப் பிரதி. கருவி நனைந்தால் அந்தக் காகிதம்தான் உங்கள் குரல்.

எந்தத் திட்டமானாலும் ஒரு சாதாரண நாளில் ஓட்டிப் பார்க்காமல் நான் விடுவதில்லை. உதவி எண்ணுக்குச் செய்தி அனுப்பினால் பதில் வருகிறதா, குரல் அழைப்புக்கு மட்டும்தானா? பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்களைத் தூக்கத் தெரியுமா? பூச்சாடிச் செய்தி போனால் எத்தனை நிமிடத்தில் கதவு தட்டப்படுகிறது? சார்ஜர் பெண்ணின் முதல் ஒத்திகையில் பக்கத்து வீட்டுக்காரி நிஜமாகவே ஒரு குடம் தண்ணீரோடு வந்து நின்றாளாம். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வாக்கியத்தை மாற்றினார்கள்.

எல்லாம் சொன்ன பிறகும் தீராத ஒன்று நான்காம் பகுதி. உதவி கேட்கக்கூடிய உறவும் நட்பும். பல வருடம் ஒரே அறையில் இருந்தவர்களிடம் அந்த இடம் காலியாகவே கிடக்கும். 'எழுத யாரும் இல்லக்கா' என்பார்கள். என் பெயரை எழுதச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, அது சரியான விதியும்கூட. நான் வேலையை விட்டுப் போனால் அவர்கள் என்ன செய்வார்கள்? அதனால் அப்படிப்பட்டவர்களோடு மற்றப் பகுதிகளை அவசர அவசரமாக நிரப்புவதில்லை. முதல் இரண்டு மூன்று மாதமும் நான்காம் பகுதிதான் வேலை. இதே நிலையில் உள்ள இன்னொருவரோடு வாரத்துக்கு ஒரு போன். பிறகு மூன்று பேர் சேர்ந்த ஒரு குழு. யார் யாருக்கு எந்தக் கிழமை என்று ஒரு பட்டியல், கிழமை தவறினால் யார் விசாரிப்பது என்று ஒரு மாற்று ஆள். போன வாரம் சேர்ந்த ஒருவர் இன்னும் யாரையும் அழைக்கவில்லை. வியாழக்கிழமை அவர் முறை.